விடாப்பிடி

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே சென்றால், சாலைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கின்றது. நிறைந்த காலத்து 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அவ்வேரி, சென்னை மாநகர மக்களின் தாகம் தணிக்கும் நீர்நிலைகளுள் ஒன்று. ஏரிக்கு ஒருபுறம் குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். மற்றொருபுறம் திருப்பெரும்புதூர், இராமாநுசர் தோன்றிய திருப்பதி. பழம்பெருமை வாய்ந்த இவ்விரண்டு ஊர்களையும் சூழ்ந்த நாட்டில் இன்று ஏரோசை அடங்கி எந்திர ஓசை ஓங்கியுள்ளது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார் செய்து வெளியிடத் தொடங்கினர். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை எழுந்தது. லாரி செய்வோரும் மோட்டார் சைக்கிள் செய்வோரும் அவ்வழியே வந்து சேர்ந்தனர். வண்டிகளை ஓட்டியும் நிறுத்தியும் ஆராய்வதற்கென்றே சோதனைத் தடங்களோடு கூடிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஒரகடத்தில் உள்ளது.

வண்டி ஓடுவதைக் கண்டு மகிழ்வோர் பலர். அது நிற்பதைப் பற்றி எண்ணுவோர் சிலரே. சேக்கிழார் தம் நூலின் தொடக்கப் பகுதியிலேயே, நிற்க இயலாத ஒரு தேரைக் காட்டுகின்றார். திருவாரூர் வீதியில் மனுநீதிச் சோழனின் மைந்தன் ஊர்ந்து வந்த தேர்க்காலில் இளங்கன்று ஒன்று துள்ளிப் பாய்ந்து மடிந்த வரலாறு அது. அம்மன்னன் வழங்கிய நீதியைப் போற்றாத தமிழர் இல்லை. ஆயினும், பாகன் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதற்குள் அத்தேர் எத்தனை அடி உருண்டிருக்கும் என்று கேட்பவர் அரியர்.

அதே திருவாரூரில் ஆழித்தேர் இன்றும் ஓடுகின்றது. வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானவர். எனினும் தேரின் போக்கு அவர்கள் கையில் இல்லை. சக்கரத்தருகே முட்டுக்கட்டை ஏந்தி நடக்கும் சிலர் கையில் உள்ளது. தேர் விரைந்தால் அவர்கள் கட்டையைச் சக்கரத்தின்கீழ்ச் செருகுவர். தெருமுனையில் திரும்ப வேண்டின் ஒருபுறத்துச் சக்கரத்திற்கு மட்டும் இடுவர். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுதல் என்பது நற்செயலைத் தடுத்தல் என்னும் பழிச்சொல்லாகிவிட்டது. தேரோட்டும் ஊரார் அச்சொல்லை அவ்வாறு இழிவாக எண்ணார். கட்டையை இடுவது மட்டும் அவர்தம் கலை அன்று. உரிய கணத்தில் அதை உருவி எடுப்பதும் அக்கலையின் செம்பாதி. எடுக்கத் தவறினால் ஆயிரம் பேர் இழுத்தும் தேர் நகராது. நகர்ந்தாலும் ஒருபுறம் சாய்ந்து திரும்பும். பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளியில் உள்ள பெல் நிறுவனத்தார் அப்பெருந்தேருக்கு இரும்புச் சக்கரங்களும், எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் அமைத்துத் தந்தனர்.

மோட்டார் வண்டிக்கும் இதுவே முறை. பிடித்தலும் விடுதலும் ஆகிய இரண்டு தொழில்கள் பிரேக்குக்கு உண்டு. பிடிக்காத பிரேக்கின் கேட்டை எவரும் அறிவர். விடாத பிரேக்கின் கேடோ மெல்ல வந்து சூழ்வது; ஆதலின் அறிந்தோர் குறைவு.

விடாத பிரேக்கு ஏன் சுடுகின்றது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். 1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அதை ஒருமுறை முற்றிலும் நிறுத்தினால், அதன் ஓட்டத்தில் அடங்கியிருந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பம் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒருமுறை நிறுத்துவதற்கே இவ்வளவு வெப்பம் எனின், காலை எடுத்த பின்னும் பிரேக்கு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே பத்துக் கல் தொலைவு சென்றால் என்ன ஆகும் என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

முற்காலத்துக் கார்களில் கம்பியும் நெம்புகோலும் கொண்டே பிரேக்கை இழுத்தனர். மூடிய பாத்திரத்தில் உள்ள நீர்மத்தின்மேல் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்பதை, 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கியிருந்தார். அவ்வுண்மையைப் பயன்படுத்தி நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தப் பிரேக்கு அமைத்த காரை 1921-இல் அமெரிக்க நாட்டு டூசன்பர்க் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்தனர். சக்கரத்தோடு சுழலும் வட்டத்தகட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு லாங்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் 1902-இலேயே உரிமை பெற்றிருந்தும், அது கார்களில் பரவ அரை நூற்றாண்டு ஆயிற்று. தமிழ்நாட்டில் பிரேக்கு செய்வதற்கென்று 1962-இல் பிரேக்ஸ் இந்தியா என்னும் நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் தோன்றியது.

ஓட்டுநர் மிதியை அழுத்துங்கால் மாஸ்டர் சிலிண்டர் என்னும் தலைமை உருளையிலிருந்து எண்ணெய் தள்ளப்பட்டு, இரும்புக் குழாய் வழியாகவும், சக்கரத்தருகே வளைந்து கொடுக்கும் ரப்பர்க் குழாய் வழியாகவும் காலிப்பரை அடைகின்றது. காலிப்பர் என்பது நண்டின் கொடுக்குப் போன்றது. அதனுள் இருக்கும் பிஸ்டன் முன்னேறி, பேட் என்னும் தேய்மானக் கட்டைகளை டிஸ்க்கின்மேல் அழுத்துகின்றது. மிதியை விட்டவுடன் பிஸ்டன் பின்வாங்க வேண்டும். அதைப் பின்னிழுப்பதற்கு அங்கே வில்லும் இல்லை, சுருளும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மட்டும் உண்டு. எண்ணெய் ஒழுகாமல் காப்பதும் அதுவே. பிஸ்டன் முன்னேறும்போது அவ்வளையம் சிறிதே முறுக்குண்டு வளையும். அழுத்தம் நீங்கியவுடன் தன் பழைய நிலைக்கு மீளும். மீளும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு ஈர்க்கும். சக்கரம் தடையின்றிச் சுழல அந்த மயிரிழை போதும். அவ்வளவு நுண்ணிய இடைவெளியைத் துரு அடைக்கலாம், அழுக்கு அடைக்கலாம், திரும்பி வர வழியில்லாத எண்ணெயும் அடைக்கலாம்.

இனிச் செம்பரம்பாக்கத்துக்கு மீள்வோம். கார்த்திகை மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், வாடகைக் கார் ஒன்று ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டு இரவு வேலைக்காக ஒரகடம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. மழை ஓய்ந்து சாலை ஈரமாய் இருந்தது. முன்னால் அமர்ந்திருந்த பெண், "அண்ணா, ஏதோ தீய்ந்த வாடை வருகிறதே" என்றாள். ஓட்டுநன் அதை வெளியிலிருந்து வரும் புகை என்று கூறிச் சமாதானம் செய்தான். ஆனால் அவன் உள்ளம் சமாதானம் அடையவில்லை. சிறிது நேரமாகவே வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வழக்கத்தினும் மிகுதியாக ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டியிருந்தது. செம்பரம்பாக்கத்தை அடைந்தபோது இடப்பக்கத்து முன்சக்கரத்திலிருந்து வெண்புகை எழுவது கண்ணாடியில் தெரிந்தது.

சாலையோரத்தில் ஒரு சிறு பட்டறை இருந்தது. ஓட்டுநன் அதன் முன்னே வண்டியை நிறுத்தி இறங்கி ஓடினான். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து சக்கரத்தின்மேல் ஊற்றக் கையை ஓங்கினான். "ஊற்றாதே, தம்பி!" என்று உள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது. அறுபதைக் கடந்த மேஸ்திரி ஒருவர் கையைத் துடைத்தவாறே வெளியே வந்தார். "சிவக்கக் காய்ந்த தோசைக்கல்லில் குடம் நீரைக் கொட்டினால் என்ன ஆகும்? டிஸ்க் வார்ப்பிரும்பு. கோணும், வெடிக்கவும் கூடும். அது தானே ஆறட்டும். பிள்ளைகளை இறக்கிச் சாலைக்கு அப்பால் நிற்கச் சொல்" என்றார். தீ எழுந்தால் அணைப்பதற்காகப் பட்டறையில் இருந்த தீயணைப்புக் குப்பியையும் எடுத்து அருகே வைத்தார்.

ஓட்டுநன் கை பிசைந்து நின்றான். "ஐயா, இவர்களை ஏழு மணிக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயை மட்டும் நசுக்கி அடைத்துவிடுங்கள். மற்ற மூன்று சக்கரத்துப் பிரேக்கோடு போய்விடுவேன். காலையில் திரும்பி வந்து சரிசெய்து கொள்கிறேன்" என்றான். இவ்வாறு செய்து வண்டியை ஓட்டிச் செல்வோர் உண்டு. மேஸ்திரி தலையை அசைத்தார். "முன்சக்கரம் ஒன்றில் பிரேக்கு இல்லாமல் ஈரச் சாலையில் மிதித்தால் வண்டி மற்றொரு பக்கம் வெட்டித் திரும்பும். நீ எதிரே வரும் லாரியின்கீழ் இருப்பாய். அந்த வேலையை நான் செய்வதில்லை. வேறு வண்டியைக் கூப்பிடு" என்று கூறிவிட்டார். ஓட்டுநன் தன் நண்பன் ஒருவனைக் கைப்பேசியில் அழைத்தான். நண்பனின் வண்டி வந்து பெண்களை ஏற்றிச் சென்றது. அன்றைய கூலி அவ்வண்டியோடு சென்றது.

அவன் வருத்தத்திற்கு மற்றொரு காரணமும் இருந்தது. இதே சக்கரம் ஒரு திங்களுக்கு முன்னும் சுட்டது. வேறொரு பட்டறையில் அதற்குப் புதிய பேட் போட்டனர். சில நாளில் மீண்டும் சுட்டது. பிறகு காலிப்பரையே மாற்றினர். இருமுறை பணம் கொடுத்தும் குறை போகவில்லை. கேட்ட மேஸ்திரி, "சுடும் இடத்தை மாற்றியிருக்கிறார்கள்; சுடுவதற்குக் காரணம் எங்கே என்று பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறை, நோயை அறிந்து, அது தோன்றிய காரணத்தைத் தேடி, பின்னர்த் தணிக்கும் வழியைக் காண்பது. பட்டறைக்கும் அம்முறையே பொருந்தும்.

மேஸ்திரி முதலில் செய்தது மிக எளியதொரு சோதனை. நான்கு சக்கரங்களின் அருகிலும் தம் புறங்கையை, தொடாமல் ஒரு சாண் தொலைவில், நீட்டிப் பார்த்தார். தொடாமலே வெப்பத்தைக் காட்டும் கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவரிடம் இருந்தது புறங்கை ஒன்றே. வலப்பக்கத்து முன்சக்கரம் மிதமாகச் சுட்டது; பின்சக்கரங்கள் வெதுவெதுப்பாக இருந்தன; இடப்பக்கத்து முன்சக்கரத்தின் அருகே கையை வைக்க முடியவில்லை. இவ்வேறுபாடே ஒரு விடை. நான்கும் ஒருசேரச் சுட்டால் குறை தலைமை உருளையிலோ மிதியிலோ இருக்கும். அல்லது எவரேனும் தவறான எண்ணெய் ஊற்றியிருப்பர். என்ஜின் ஆயில் சிறிதளவு கலந்தாலும் பிரேக்கின் ரப்பர்ப் பொருள்கள் யாவும் ஊதிப் பருத்துவிடும். பின்சக்கரங்கள் மட்டும் சுட்டால் ஹேண்ட் பிரேக்கின் கம்பியை ஐயுற வேண்டும். ஒற்றைச் சக்கரம் மட்டும் சுட்டால் குறை அச்சக்கரத்தருகே உள்ளது. அப்போதும் பிரேக்கின்மேலேயே பழி சுமத்துதல் கூடாது; பேரிங் கெட்டாலும் சக்கரம் சுடும். பேரிங்கின் குறையாயின் சக்கரம் ஆடும். சுழற்றினால் கரகரவென்று ஒலிக்கும்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்தனர். மேஸ்திரி தேநீர் வருவித்தார். ஆறிய பின்னரே வண்டியைத் தூக்க முற்பட்டார். வண்டி சமதரையில் நின்றது; ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரிலும் நிறுத்தினர். பட்டறைச் சிறுவன் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளைச் செருகினான். திருவாரூர்த் தேருக்கும் இக்காருக்கும் பொதுவான பொருள் இம்முட்டுக்கட்டை ஒன்றுதான். சக்கரத்து நட்டுகளை, வண்டி தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்தினார். தூக்கிய பின் வலிந்து திருகினால் ஜாக்கி சரியும். ஜாக்கியை, அதற்கென உறுதியாக அமைத்த இடத்தில் பொருத்தித் தூக்கி, உடனே இரும்பு ஸ்டாண்டு ஒன்றை அடியில் நிறுத்தி, வண்டியின் பளுவை அதன்மேல் இறக்கினார். ஜாக்கி தூக்குவதற்கு உரியது. தாங்குவதற்கு உரியது அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் வண்டிக்கடியில் புகுந்து உயிரிழந்தோர் பலர்.

சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அது தங்குதடையின்றிச் சுழன்றது! ஓட்டுநன் முகம் மலர்ந்தது. "ஐயா, சரியாகிவிட்டதே" என்றான். இவ்விடத்தில் ஏமாறுவோரே மிகுதி. சூட்டோடு பற்றியிருந்த பிரேக்கு ஆறியதும் விட்டுவிடும். குறை நீங்கியதென எண்ணி வண்டியை எடுப்பர். அடுத்த பத்துக் கல்லில் அது மீண்டும் பற்றும்.

மேஸ்திரி விடை கூறாமல், சிறுவனை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, மிதியைப் பலமுறை நன்றாக மிதித்து விடச் சொன்னார். அதன்பின் சக்கரத்தைச் சுழற்றினார். அது அசையவில்லை. சிறுவன் காலை எடுத்துவிட்டான். பிரேக்கோ பிடியை விடவில்லை. அவர் மூக்குக் கண்ணாடி போன்ற காப்பை அணிந்துகொண்டு, சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரில் உள்ள சிறு திருகைச் சற்றே தளர்த்தினார். பட்டறையார் அதனை நிப்பிள் என்பர். எண்ணெய் பீறிட்டு வந்தது. டிஸ்க்கைக் கையால் தள்ளினார்; உடனே சுழன்றது. "பார்த்தாயா, தம்பி? காலிப்பர் குற்றமற்றது. பிஸ்டன் துருவேறிப் பிடித்திருந்தால் எண்ணெயை வெளியேற்றிய பின்னும் விட்டிருக்காது. அது விட விரும்புகிறது, எண்ணெய்க்குத் திரும்ப வழியில்லை" என்றார்.

வழி எங்கே அடைபட்டது? திருகை இறுக்கிவிட்டு, மீண்டும் மிதிக்கச் செய்து சக்கரத்தைப் பற்ற வைத்தார். இம்முறை காலிப்பரைத் தொடவில்லை. ரப்பர்க் குழாயின் மேல்முனையில், இரும்புக் குழாயோடு அது கூடும் இடத்து நட்டைத் தளர்த்தினார். அங்கே எண்ணெய் சிறிதே கசிந்தது, அழுத்தம் இல்லை. டிஸ்க் அசையவும் இல்லை. மேற்பகுதியில் அழுத்தம் நீங்கியும் கீழ்ப்பகுதியில் நீங்கவில்லை எனின், இரண்டிற்கும் இடையே உள்ள முழ நீள ரப்பர்க் குழாயே குற்றவாளி. இரண்டு ஸ்பேனர்களும் கால்மணி நேரமுமே அவ்வுண்மையை வெளிப்படுத்தின.

குழாய் வெளித்தோற்றத்தில் பழுதின்றி இருந்தது. மேஸ்திரி அதைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உட்சுவர் ஓரிடத்தில் உரிந்து, நாக்குப் போலத் தொங்கியது. மிதிக்கும்போது எழும் பேரழுத்தம் அந்நாக்கைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை உள்ளே செலுத்தும். திரும்பி வரும் அழுத்தமோ சிறிது. அதனால் நாக்கு வழியை மூடிக்கொள்ளும். உள்ளே புக விட்டு வெளியே வர விடாத எலிப்பொறி போன்றது இது. "சென்ற முறை பேட் மாற்றியபோது காலிப்பரை எதில் கட்டித் தொங்கவிட்டார்கள், பார்த்தாயா?" என்று கேட்டார். ஓட்டுநன் எண்ணிப் பார்த்து, "கட்டவில்லை, ஐயா; அந்தக் குழாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது" என்றான். மேஸ்திரி பெருமூச்சு விட்டார். பழைய குழாய் பல கிலோ எடையைத் தாங்கி நெடுநேரம் தொங்கினால் உள்ளே பிளவுறுவதில் வியப்பில்லை. அவர் எப்போதும் ஒரு கம்பித் துண்டை வளைத்துக் கொக்கியாக்கி, அதில் காலிப்பரை மாட்டுபவர்.

இரவாகிவிட்டதால் வேலை மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. காலையில் சிறுவன் பூவிருந்தவல்லிக் கடைத்தெருவுக்குச் சென்று வேண்டிய பொருள்களை வாங்கி வந்தான். இருபுறத்து ரப்பர்க் குழாய்கள், இருபுறத்துப் பேட்டுகள், பிரேக்கு எண்ணெய். விலையைக் கேட்ட ஓட்டுநன், "வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது? அதை ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது, அவன் நாட்கூலிக்காரன். "இரண்டு குழாயும் ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று போனால் மற்றொன்று காத்திருக்கிறது என்று பொருள். பேட்டும் அப்படித்தான், ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிடி ஒத்திராது. என் கூலியில் வேண்டுமானால் குறைத்துக்கொள், பொருளில் குறைக்காதே" என்றார் மேஸ்திரி.

கழற்றிய பேட்டுகள் கண்ணாடி போல் இறுகிப் பளபளத்தன. டிஸ்க்கில் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தன. அவை பெருவெப்பத்தின் சுவடுகள். அதன் தடிப்பை அளந்து பார்த்தார். டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்த அளவினும் மிகுதியாகவே இருந்தது. வெடிப்பும் கோணலும் இல்லை. ஆதலின் அதை வைத்துக்கொள்ளலாம் என்றார். காலிப்பர் நகர்வதற்கு வழிகாட்டும் ஊசிகளையும் உருவிப் பார்த்தார். செம்பரம்பாக்கத்துப் பட்டறைகளில் இவ்வூசிகளைப் பாராமல் விடுவோர் குறைவு. 2015 டிசம்பர் முதல் நாள் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. நீருள் நின்ற கார்களின் என்ஜினையும் இருக்கைகளையும் உடையவர்கள் பார்த்தனர். ஊசியிலும் பிஸ்டனிலும் ஏறும் துரு கண்ணுக்குத் தெரியாமல் வளர்வது. அத்தகைய துரு பற்றியிருந்தால் சுரண்டிச் சரிப்படுத்தலாகாது; குழிவிழுந்த பிஸ்டன் வளையத்தை அறுத்துவிடும்; மாற்றுவதே முறை. இவ்வண்டியின் ஊசிகள் தூய்மையாக இருந்தன. அவற்றுக்குப் பிரேக்குக்கென்றே செய்த கிரீஸை மெல்லியதாகத் தடவினார். சாதாரணக் கிரீஸ் ரப்பர் உறைகளைப் பருக்கச் செய்யும்.

சிறுவன் காற்றுக் குழாயை எடுத்து அங்கே படிந்திருந்த கரிய தூசியை ஊத முற்பட்டான். மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னாளில் பேட்டுகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் பல கழித்து உயிரைக் குடிக்கும். இன்றைய தூசியும் மார்புக்கு நல்லதன்று. நனைத்த துணியால் துடைப்பதே தக்கது. காற்றுக் குழாயை அவர் வெறுத்ததற்கு மற்றொரு காரணத்தையும் ஓட்டுநன் அப்போதுதான் கண்டான். அவருடைய இடக்கைச் சுட்டுவிரலின் நுனி இல்லை. இளமையில், இறுகிய பிஸ்டன் ஒன்றைக் காற்றழுத்தத்தால் வெளியேற்ற முயன்றபோது, அது துப்பாக்கிக் குண்டு போல் பாய்ந்து விரலை நசுக்கியதாம்.

பழைய எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக்கு எண்ணெய்க்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. டாட் 3 என்று குறித்த எண்ணெய் புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு வெப்பம் வரை கொதியாது இருத்தல் வேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்வதற்கும் இடமுண்டு. டாட் 4 எண்ணெய்க்கு அவ்வெல்லைகள் 230, 155. கொதித்தால் ஆவி உண்டாகும். எண்ணெயை நசுக்க இயலாது, ஆவியை நசுக்கலாம். அப்போது மிதி தரையைத் தொடும் வரை அமிழும். சக்கரம் மட்டும் நிற்காது. விடாமல் சுட்ட பிரேக்கே, இறுதியில் பிடிக்காத பிரேக்காக மாறுவது இவ்வாறுதான். முந்தைய மாலை அவ்வைந்து பெண்களும் இன்னும் சில கல் தொலைவு சென்றிருந்தால், இரவின் இருளில், தொழிற்சாலை லாரிகள் நெருங்கும் திருப்பங்களில் அந்நிலை நேர்ந்திருக்கக்கூடும்.

வண்டியின் கையேட்டில் குறித்திருந்த வகையையே தேர்ந்து, மூடி திறவாத புதுப் புட்டியிலிருந்து எண்ணெய் ஊற்றினார். பிறகு குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. சிறுவன் மிதியருகே, மேஸ்திரி சக்கரத்தருகே. நிப்பிளில் மாட்டிய தெளிந்த குழாயின் மறுமுனை, எண்ணெய் உள்ள புட்டியுள் மூழ்கியிருந்தது. "மிதி!" என்பார், சிறுவன் மிதிப்பான். "பிடி!" என்பார், மிதித்தவாறே இருப்பான். திருகைத் திறப்பார், குமிழிகள் வரும், மூடுவார். "விடு!" என்பார். மூடுமுன் விட்டால் காற்று மீண்டும் உள்ளே புகும். மிதி, பிடி, விடு என்னும் அம்மூன்று சொற்களும் நண்பகல் வரை அப்பட்டறையில் மாறி மாறி ஒலித்தன. இடையிடையே மேலே உள்ள தொட்டியில் எண்ணெய் குறையாமல் நிரப்பினர். வண்டியின் வண்ணத்தில் சிந்திய ஒரு துளியை உடனே நீர் விட்டுக் கழுவினர். இன்றேல் அது வண்ணத்தை உரித்துவிடும்.

சக்கரங்களை மாட்டி, தரையில் இறக்கியபின் நட்டுகளை எதிரெதிராக அளவறிந்து இறுக்கினர். ஓட்டுநன் ஆவலோடு சாவியைத் திருகப் போனான். "முதலில் மிதி" என்றார் மேஸ்திரி. பிஸ்டன்களைப் பின்தள்ளிப் புதுப்பேட் போட்டிருக்கையில் முதல் மிதிப்பு வெறுமையாய்ப் போகும். அதை அறியாது வண்டியை நகர்த்திச் சுவரில் மோதியவர்கள் உண்டு. நான்காம் மிதிப்பில் மிதி கல் போல் நின்றது. முதலில் ஆளற்ற பக்கச் சாலையில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்தனர். வண்டி நேரே நின்றது. பின்னர் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவு சென்று மீண்டனர். மேஸ்திரி இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டினார். இடமும் வலமும் ஒரே சூடு.

கூலியைப் பெற்றுக்கொண்ட அவர், "பத்து நாளைக்கு நாள்தோறும் நீயும் இப்படிக் கையை நீட்டிப் பார்" என்றார். பிளந்த குழாயை எறியாமல் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்தார். சிறுவன் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக.

அன்று மாலை வழக்கமான நேரத்தில் ஐந்து பெண்களும் வண்டியில் ஏறினர். முன்னால் அமர்ந்த பெண், செம்பரம்பாக்கத்தைக் கடக்கும்போது கண்ணாடியைச் சற்றே இறக்கி, மூக்கை வெளியே நீட்டினாள். ஏரிப்பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது.

"இன்று வாடை இல்லை, அண்ணா" என்றாள்.